பன்னாட்டு ஆர்பிட்ரேஷன் வழக்கறிஞர் வேலை: உள்ளே இருந்து பார்த்தது

சட்டக் கல்லூரி கடைசி ஆண்டில் இருப்பவர்களும், சேம்பரில் ஓரிரு ஆண்டு ஜூனியராக இருப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷனுக்குப் போகணும் மேடம், என்ன படிக்கலாம்?" எந்தப் பல்கலைக்கழகம், எந்தச் சான்றிதழ் என்று பெயர்களை எதிர்பார்க்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் இந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று தெரியாமலே கல்விக் கடன் வாங்கிக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் இருக்கிறார்கள். எழுந்து நின்று வாதாடும் ஆசையோடு வருகிறவர்கள் இரண்டாவது ஆண்டிலேயே சோர்ந்துபோவதையும், கோப்புகளோடு பொறுமையாக உட்காரத் தெரிந்தவர்கள் நிலைத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இந்தத் துறையில் வழக்கு பெரும்பாலும் காகிதத்தில்தான் ஜெயிக்கிறது. அந்தக் காகித வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

புதியவர்களுக்காகச் சின்ன விளக்கம். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த இரண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் போடும்போது, தகராறு வந்தால் உங்கள் ஊர் நீதிமன்றமும் வேண்டாம், எங்கள் ஊர் நீதிமன்றமும் வேண்டாம், பொதுவான ஓர் ஊரில் நாமே தேர்ந்தெடுக்கும் நடுவர்கள் முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கிறார்கள். நடுவர் ஒருவர் இருக்கலாம், மூவர் இருக்கலாம். அவர்கள் தரும் தீர்ப்புதான் அவார்டு. சிங்கப்பூரின் எஸ்.ஐ.ஏ.சி., பாரிஸின் ஐ.சி.சி., லண்டனின் எல்.சி.ஐ.ஏ. போன்ற அமைப்புகள் வழக்கை நிர்வகிக்கும். தீர்ப்புச் சொல்வது நடுவர்கள் வேலை. இந்த ஏற்பாடு உலகம் முழுக்க ஓடுவதற்குக் காரணம் 1958-இல் உருவான நியூயார்க் உடன்படிக்கை. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. ஒரு நாட்டில் வாங்கிய அவார்டை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் கொடுத்துப் பணத்தை வசூலிக்க அது வழி செய்கிறது. சாதாரண நீதிமன்றத் தீர்ப்புக்கு இவ்வளவு அகலமான வழி கிடையாது.

நான் தொடங்கியது சென்னையில், தம்பு செட்டித் தெருவில் ஒரு சேம்பரில். உயர் நீதிமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். சீனியர் வணிக வழக்குகள் நடத்துபவர். அங்கே எனக்கு முதலில் கிடைத்தவை 34-ஆம் பிரிவு மனுக்கள். 1996-ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில், அவார்டை ரத்து செய்யக் கேட்கும் பிரிவு அது. அவார்டு கைக்கு வந்ததிலிருந்து 3 மாதம் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதைத் தாண்டினால் ஒரு நாள்கூட நீதிமன்றத்தால் நீட்டிக்க முடியாது. அதனால் தோற்ற கட்சிக்காரர்கள் பதறிக்கொண்டு வருவார்கள், பெட்டி பெட்டியாக ஆவணங்களோடு.

சீனியர் சொல்வார்: "ஏம்மா, அவார்ட முதல் பக்கத்துலேர்ந்து படிக்காத. கடைசியில யாருக்கு எவ்வளவு குடுக்கச் சொல்லியிருக்குன்னு பாரு. அப்புறம் அந்தத் தொகை எந்தப் பாராவுலேர்ந்து வருதுன்னு பின்னாடி தேடிட்டுப் போ. எங்க காரணம் சொல்லாம விட்டிருக்கோ அங்க பென்சில்ல கோடு போடு." இன்றும் அப்படித்தான் படிக்கிறேன். தோற்றவர் பக்கம் நின்று நிறைய அவார்டு படித்தால், ஒரு அவார்டு எந்த இடத்தில் பலவீனமாகும் என்பது பழகிவிடும். பின்னாளில் நான் ஜெயிக்க வேண்டிய வழக்கிலும், நடுவர்கள் இந்தத் தொகையை எழுதும்போது எந்தக் காகிதத்தைச் சுட்டிக்காட்டுவார்கள் என்று முதல் வாரத்திலேயே யோசிக்க முடிந்தது. ஜூனியராக இருக்கும்போது 34-ஆம் பிரிவு மனு ஒன்று கையில் வந்தால் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டுகளில் இந்தியச் சட்டம் குழம்பிக் கிடந்தது. 2002-இல் வந்த பாட்டியா இன்டர்நேஷனல் தீர்ப்பின்படி, இரு தரப்பும் விலக்கி வைத்திருந்தாலொழிய, வெளிநாட்டில் நடக்கும் ஆர்பிட்ரேஷனுக்கும் நம் சட்டத்தின் முதல் பகுதி (நம் நீதிமன்றங்கள் தலையிட வழி தரும் பகுதி) பொருந்தும். 2008-இல் வென்ச்சர் குளோபல் வழக்கு வந்தபோது, வெளிநாட்டு அவார்டையே இங்கே ரத்து செய்யக் கேட்கலாம் என்றாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் கோல் இந்தியாவுக்கு எதிராக 2002-இல் வாங்கிய அவார்டை ஒன்பது ஆண்டுகளாக இந்தியாவில் அமல்படுத்த முடியாமல், இரு நாடுகளுக்கும் இடையிலான முதலீட்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசு மீதே வழக்குப் போட்டு 2011-இல் ஜெயித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு பால்கோ வழக்கில் பாட்டியா தீர்ப்பை நீக்கியது: சீட், அதாவது ஆர்பிட்ரேஷனுக்குச் சட்டப்படி வைத்துக்கொண்ட ஊர், வெளிநாட்டில் என்றால் முதல் பகுதி பொருந்தாது. ஆனால் அன்றைக்குப் பிறகு போடும் ஒப்பந்தங்களுக்குத்தான் இது. எங்கள் சேம்பரில் நடந்துகொண்டிருந்த வழக்குகளின் ஒப்பந்தத் தேதிகளைப் பார்த்து இரண்டு கட்டாகப் பிரித்து வைத்தோம். சிங்கப்பூரை சீட்டாக வைத்த இந்திய ஒப்பந்தங்கள் அதற்கு முன்பே நிறைய வரத் தொடங்கியிருந்தன. எஸ்.ஐ.ஏ.சி.யைப் பயன்படுத்தும் வெளிநாட்டு நிறுவனங்களில் இந்தியர்கள் பல ஆண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறார்கள். நான் அங்கே போனதும் அந்த ஓட்டத்தில்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

புது வழக்கு வந்ததும் ஜூனியரிடம் முதலில் கேட்பது க்ரோனாலஜி, அதாவது நடந்தவற்றின் தேதிவாரிப் பட்டியல். மின் நிலையமோ துறைமுகமோ கட்டும் ஒப்பந்தம் என்றால் மின்னஞ்சல்களே லட்சக்கணக்கில் இருக்கும். அவற்றைச் சலித்துத் தர மென்பொருள் உண்டு, இப்போது செயற்கை நுண்ணறிவும் உண்டு. ஆனால் எது முக்கியம் என்று சொல்ல ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். தேதி, நடந்தது, அதைக் காட்டும் ஆவணம், எழுதியவர், பெற்றவர், எதிர்த்தரப்பு அதை ஒப்புக்கொள்கிறதா என்று பத்திகள் போட்டு எழுதுவோம். என் ஜூனியர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது ஒன்று உண்டு. பட்டியலில் நம் வாதத்தை எழுதக் கூடாது. 'வேண்டுமென்றே தாமதித்தார்கள்' என்று எழுதினால் அது யாருக்கும் பயன்படாது. 'மார்ச் 3 அன்று தர வேண்டிய வரைபடம் ஏப்ரல் 19 அன்று வந்தது' என்று எழுதினால் நடுவர் தானே அந்த முடிவுக்கு வருவார். பதில் வராத கடிதங்களையும் குறித்துவைக்க வேண்டும். நமக்கு எதிராக இருக்கும் காகிதங்களை ஒளித்துவைக்காமல் வேறு நிறத்தில் போட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணில் அவைதான் முதலில் படும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ரகசியம் காக்கும் கடமை இருப்பதால் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் கட்சிக்காரர் தமிழ்நாட்டுக் கடற்கரையோரம் வேலை எடுத்திருந்த கட்டுமான நிறுவனம். வேலை கொடுத்த வெளிநாட்டு நிறுவனம், தாமதத்துக்காக பெரிய தொகையை எல்.டி.யாக, அதாவது ஒப்பந்தத்திலேயே குறித்துவைத்த நஷ்டஈடாக, பிடித்துக்கொண்டது. நிலத்தை முழுதாக ஒப்படைக்கவில்லை, வடிகால் அமைத்துத் தரவில்லை, அதனால்தான் தாமதம் என்பது எங்கள் பக்கம். இதைச் சொல்லும் கடிதங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவை. பின்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்து எழுதிய கடிதங்கள் என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடும்.

கட்டுமான வேலை நடக்கும் சைட்டில் ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டர் என்று ஒன்று இருக்கும். வேலை எந்த நாளில் தடைபட்டது, ஏன், எப்போது தடை நீங்கியது என்று எழுதி இரு தரப்புப் பொறியாளர்களும் கையெழுத்துப் போடும் பதிவேடு. கேட்டேன். "இருக்கும் மேடம், ஸ்டோர்ல எங்கயாவது கிடக்கும்" என்றார்கள். தேடி எடுத்து அனுப்பியபோது ஈரம் பட்டு அட்டை உப்பியிருந்தது. சில பக்கங்கள் ஆங்கிலம், சில பக்கங்கள் தமிழ். சைட் இன்ஜினியர் நீல மையில் எழுதியிருந்தார்: "கிழக்குப் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். பம்ப் ஒன்று ரிப்பேர். பைலிங் ரிக் நகர முடியவில்லை. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்." பக்கத்திலேயே எதிர்த்தரப்பின் மேற்பார்வைப் பொறியாளரின் சுருக்கொப்பம், தேதியோடு. சில பதிவுகளுக்குக் கீழே அவருடைய ஆட்சேபணையும் இருந்தது. மழைக்காலம் முழுக்க இப்படியே பக்கம் பக்கமாக.

எங்கள் தாமத நிபுணரின் அறிக்கை முழுவதும் கடைசியில் அந்த ரிஜிஸ்டர் மேல்தான் நின்றது. எந்த வேலை நின்றால் மொத்தத் திட்டமும் நிற்கும் என்று கணக்குப் போட அவருக்கு நாள்வாரியான தகவல் வேண்டும். தலைமை அலுவலகத்தின் கடிதங்களில் அது இல்லை. தமிழ்ப் பக்கங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வாங்கி, விசாரணைக்குப் பல மாதம் முன்பே எதிர்த்தரப்பிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டோம். மொழிபெயர்ப்புச் சண்டையை விசாரணை அறைக்குள் கொண்டுபோனால் நேரம் போய்விடும். கட்டுமான நிறுவனங்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து சைட் பதிவேடுகளைப் பத்திரமாக வையுங்கள், அன்றன்றைக்கே எதிர்த்தரப்பின் கையெழுத்தை வாங்குங்கள். வழக்கு வந்த பிறகு எங்களால் எந்தக் காகிதத்தையும் உண்டாக்க முடியாது.

எதிர்த்தரப்பு கையில் இருக்கும் ஆவணங்களை வாங்குவது இன்னொரு பெரிய வேலை. இதற்குப் பெரும்பாலும் பன்னாட்டு வழக்கறிஞர் சங்கமான ஐ.பி.ஏ.வின் சாட்சிய விதிகளை வழிகாட்டியாக வைத்துக்கொள்வார்கள். இப்போது இருப்பது 2020 பதிப்பு. கேட்கும் ஆவணம் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும், வழக்குக்குத் தொடர்புடையதாகவும் முடிவைப் பாதிக்கக் கூடியதாகவும் இருக்க வேண்டும். ரெட்ஃபெர்ன் அட்டவணை என்று ஒன்றில் நாம் கேட்பது, ஏன் கேட்கிறோம், எதிர்த்தரப்பின் ஆட்சேபணை, நடுவர்களின் முடிவு என்று பத்தி பத்தியாக நிரம்பும். "வடிகால் தொடர்பான எல்லா ஆவணங்களும்" என்று கேட்டால் நடுவர் மறுத்துவிடுவார். "ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கிழக்குப் பகுதி வடிகால் ஒப்பந்ததாரரை மாற்றுவது பற்றிய கூட்டக் குறிப்புகள்" என்று கேட்டால் கிடைக்கும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிய க்ரோனாலஜி முன்னாலேயே தயாராக இருக்க வேண்டும். ஒரு கூட்டம் நடந்ததாக மின்னஞ்சலில் வருகிறது, அதன் குறிப்பு எங்கும் இல்லை என்றால், கேட்க வேண்டியது அதைத்தான். உத்தரவு போட்டும் தராவிட்டால், அது அவர்களுக்குப் பாதகமானது என்று நடுவர்கள் அனுமானிக்கலாம்.

அப்புறம் சாட்சிகள். நம் சாட்சியை நாமே கேள்வி கேட்கும் முதல் விசாரணைக்குப் பதிலாக எழுத்து வாக்குமூலம் முன்பே கொடுத்துவிடுவோம். சாட்சி நேரில் வருவது பெரும்பாலும் குறுக்கு விசாரணைக்குத்தான். சாட்சியைத் தயார்ப்படுத்துவதில் எல்லை எங்கே என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வழக்கம். இங்கிலாந்தில் கண்டிப்பு அதிகம். சிங்கப்பூரில் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, தயார்ப்படுத்தலாம், சொல்லிக்கொடுக்கக் கூடாது. சாட்சி சொல்வது சாட்சியின் சொந்த நினைவாக இருக்க வேண்டும். அந்த சைட் இன்ஜினியருக்கு நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில், நினைவில்லை என்றால் நினைவில்லை, ஆவணத்தைப் பற்றிக் கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துவிட்டுப் பதில். அவருக்கு ஆங்கிலம் புரியும். ஆனாலும் தமிழில் பேசட்டும், மொழிபெயர்ப்பாளர் இருக்கட்டும் என்று வற்புறுத்தினேன். நிறுவனத்தின் மேலதிகாரிகளுக்கு அதில் தயக்கம் இருந்தது. தான் எழுதிய மொழியிலேயே அவர் பேசினால்தான் நடுவர்களுக்கு அவர் யார் என்று தெரியும் என்றேன்.

லண்டனிலிருந்து வந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேராக விஷயத்துக்கு வந்தார். இந்தப் பதிவுகளை எல்லாம் தகராறு வந்த பிறகு ஒரே மூச்சில் எழுதினீர்கள், அப்படித்தானே என்று கேட்டார். இன்ஜினியர் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கினார். நிதானமாகப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் வைத்து, "சார், இதுக்குக் கீழ உங்க இன்ஜினியர் ஆட்சேபணை எழுதி தேதி போட்டிருக்காரு. அதுக்குக் கீழதான் என்னோட அடுத்த நாள் பதிவு இருக்கு. நான் பின்னாடி எழுதியிருந்தா அவர் எப்படி நடுவுல எழுதியிருப்பார்?" என்றார். தலைமை நடுவர் அந்தப் புத்தகத்தைத் தன்னிடம் தரச் சொன்னார். மூவரும் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். பின்னால் வந்த அவார்டில், சாட்சிகளின் நம்பகத்தன்மையைப் பேசும் பகுதியில் இந்தப் பதில் இடம்பெற்றிருந்தது.

விசாரணை நடந்த மேக்ஸ்வெல் சேம்பர்ஸ், சிங்கப்பூரின் பழைய சுங்கத் துறைக் கட்டடம். இப்போது முழுக்க ஆர்பிட்ரேஷன் விசாரணைக்கான அறைகள். நம் நீதிமன்றங்களிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே முதலில் பிடிபட வேண்டியது நேரம். வாய்தா என்ற பேச்சே இல்லை. ஓராண்டுக்கு முன்பே தேதி குறித்துவிடுவார்கள். நடுவர்கள் மூன்று நாட்டிலிருந்து வருவார்கள். வந்தால் முடித்துவிட்டுத்தான் போவார்கள். பல வழக்குகளில் இரு தரப்புக்கும் மணிக்கணக்கைச் சமமாகப் பிரித்துக் கொடுத்து, செஸ் ஆட்டம் போலக் கடிகாரம் ஓடும். நாம் நீட்டி முழக்கினால் நம் நேரம்தான் கரையும். பேசப் பேச எழுத்துப்படி திரையில் வந்துகொண்டே இருக்கும். ஜூனியர் வேலை, கேட்ட நொடியில் ஆவண எண்ணையும் பக்கத்தையும் சொல்வது. பண்டிலை, அதாவது விசாரணைக்கான ஆவணத் தொகுப்பை, நீங்களே அடுக்கியிருந்தால் மட்டுமே அது முடியும். பண்டில் அடுக்குவதைக் கிளார்க் வேலை என்று நினைப்பவர்களை நான் பக்கத்தில் உட்கார வைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து எழுதும் வேலை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பேரம் எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும் நேரத்தில் பழைய ஒப்பந்தத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். சீட் எது என்று தெளிவாக எழுதாமல், 'சிங்கப்பூரில் விசாரணை, சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்' என்றெல்லாம் எழுதிவைப்பார்கள். பிறகு எந்த நாட்டு நீதிமன்றம் என்று சண்டை போடவே இரண்டு மூன்று ஆண்டு போய்விடும். இன்னொன்று, ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்பது. முழு ஒப்பந்தத்துக்கு இந்தியச் சட்டம், சீட் சிங்கப்பூர் என்றால், ஷரத்துக்கு எது? சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் அனுபம் மிட்டல் வழக்கில் இதைத்தான் அலச வேண்டியிருந்தது. இங்கிலாந்து 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேறு மாதிரி வெளிப்படையாக எழுதாவிட்டால் சீட்டின் சட்டம்தான் என்று முடிவுகட்டிவிட்டது. ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினால் இந்தப் பிரச்சினையே வராது. நடுவரை ஒரு தரப்பே நியமிக்கும் பழைய ஷரத்துகள் இன்னும் புழங்குகின்றன. பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றமும், 2024 நவம்பரில் அதன் அரசியல் சாசன அமர்வும் இப்படி நியமிப்பது சரியல்ல என்று சொன்ன பிறகு அவற்றை நம்பி யாரும் வழக்கு நடத்தக் கூடாது.

கட்சிக்காரர் முதல் சந்திப்பில் உட்கார்ந்ததும் நான் கேட்பது, எதிர்த்தரப்பின் சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்பது. ஜெயிப்பது பாதி வேலைதான். எந்த நாட்டில் அமல்படுத்தப் போகிறோமோ அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத்தான் நோட்டீஸ் அனுப்பும் விதத்திலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும். இந்தியாவில் நிலைமை முன்பைவிட நன்றாகவே மாறியிருக்கிறது. விஜய் காரியா வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், லண்டன் அவார்டை எதிர்த்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதோடு 50 லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது. அதே ஆண்டு வேதாந்தா வழக்கில், வெளிநாட்டு அவார்டை அமல்படுத்த மனுப் போட 3 ஆண்டு காலவரம்பு என்றும் தெளிவாகியது. அந்தத் தேதியை அவார்டு வந்த அன்றே நாட்குறிப்பில் போட்டுவிடுங்கள்.

நேர்மை பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. மூடிய அறைக்குள் நடப்பதால் நம் மேல் இருக்கும் பொறுப்பு கூடுகிறது. நைஜீரியாவுக்கு எதிராக பி அண்ட் ஐ.டி. என்ற நிறுவனம் வாங்கிய அவார்டு, வட்டியோடு 1,100 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்தது. 2023 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதை மோசடியால் பெறப்பட்டது என்று சொன்னது. லஞ்சம், பொய்ச் சாட்சி, நைஜீரியாவின் ரகசிய சட்ட ஆவணங்களை எதிர்த்தரப்பு கையில் வைத்துக்கொண்டே வழக்கு நடத்தியது எல்லாம் வெளியே வந்தன. தன் பக்கம் தவறான வழியில் வந்து சேர்ந்த காகிதத்தைப் பார்க்கும் இளம் வழக்கறிஞர், அன்றே சீனியரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். யார் வேலை கொடுத்தாலும் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நடுவர்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. 2025 ஏப்ரலில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு அவார்டு ரத்தானதை உறுதி செய்தது. இந்தியாவின் சரக்கு ரயில் பாதைத் திட்டம் சார்ந்த தகராறு அது. அவார்டின் 451 பத்திகளில் குறைந்தது 212, அதே தலைமை நடுவர் இருந்த வேறு வழக்குகளின் அவார்டுகளிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. இந்த வழக்கில் யாரும் பேசாத வாதங்கள்கூட அதில் இருந்தன. சிங்கப்பூர் நீதிமன்றங்கள் அவார்டில் சுலபத்தில் கை வைப்பதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். நடுவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பதவிப் பெருமையை மட்டும் பார்க்காமல், அவர் கையில் இப்போது எத்தனை வழக்கு, இதை உட்கார்ந்து படிக்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்றும் விசாரிக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி படிப்பு. கல்லூரியில் இருக்கும்போதே வியன்னாவில் ஆண்டுதோறும் நடக்கும் விஸ் மூட் என்ற மாதிரி ஆர்பிட்ரேஷன் போட்டியில் கலந்துகொள்ள முடிந்தால் கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஒரே வழக்கை எழுதித் திருத்தும் பழக்கம் அதில் வரும். அதே போட்டி ஹாங்காங்கிலும் நடக்கிறது, செலவு குறைவு. மேற்படிப்பை இரண்டு மூன்று ஆண்டு நீதிமன்ற அனுபவத்துக்குப் பிறகு செய்வதே நல்லது என்பது என் கருத்து. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், லண்டன் குவீன் மேரி, ஜெனீவா, ஸ்டாக்ஹோம் எல்லாம் நல்ல இடங்கள். ஆனால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். விசா, அந்த ஊரில் பதிவு என்று நிறையத் தடைகள் உண்டு. 1915-இல் தொடங்கிய சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆர்பிட்ரேட்டர்ஸின் உறுப்பினர் தகுதியைப் படிப்படியாகச் சென்னையிலிருந்தே வாங்கலாம். இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கு. வட்டி, நஷ்டஈடு, திட்ட அட்டவணை, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் புரிய வேண்டும். எக்செல் கோப்பைத் திறந்து நிபுணர் போட்ட சூத்திரத்தில் பிழை கண்டுபிடிக்கும் ஜூனியரை எந்த அலுவலகமும் விடாது.

வெளிநாடு போயே ஆக வேண்டும் என்றும் இல்லை. சென்னையில் நானி பல்கிவாலா ஆர்பிட்ரேஷன் மையம் 2005-இலிருந்து இயங்குகிறது. உயர் நீதிமன்றத்தின் கீழும் ஒரு மையம் இருக்கிறது. நாட்டின் ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் சென்னையிலிருந்து கிளம்பிய வழக்குகள் பெரிய இடம் பிடித்திருக்கின்றன. வெளிநாட்டு வழக்கறிஞர்கள் இங்கே என்ன செய்யலாம் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த ஏ.கே. பாலாஜி வழக்கு இங்கிருந்துதான் போனது. அவார்டை நீதிமன்றம் ஓரளவுக்குத் திருத்தலாம் என்று 2025 ஏப்ரலில் அரசியல் சாசன அமர்வு பெரும்பான்மையாகச் சொன்ன காயத்ரி பாலசாமி வழக்கும் அப்படியே. அந்த இரண்டு தீர்ப்பையும், காயத்ரி பாலசாமியில் மாறுபட்ட தீர்ப்பையும் சேர்த்து, முழுதாக உட்கார்ந்து படியுங்கள்.

விண்ணப்பம் அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வேலை செய்த வழக்குகளில் கட்சிக்காரர் பெயரைச் சுயவிவரத்தில் எழுதாதீர்கள். ரகசியத்தை மதிக்கத் தெரியாதவர் என்று அதை வைத்தே ஒதுக்கிவிடுவோம். துறை, எந்த விதிகள், சீட் எது, சட்டம் எது, உங்கள் கையால் செய்தது என்ன என்று எழுதினால் போதும்: 'மின்சாரத் துறை, எஸ்.ஐ.ஏ.சி. விதிகள், சிங்கப்பூர் சீட், இந்தியச் சட்டம். க்ரோனாலஜியும் ஆவணக் கோரிக்கைகளும் தயாரித்தேன்.' எழுத்து மாதிரி கேட்டால் பரிசு வாங்கிய கட்டுரையை அனுப்புவதைவிட, வெளியான ஒரு தீர்ப்பின் உண்மைகளை வைத்து நீங்களே தயாரித்த நான்கு பக்க க்ரோனாலஜியை அனுப்புங்கள். நான் அதைத்தான் முதலில் திறந்து படிப்பேன்.